காயவைக்க எந்தத் தக்காளி? சுங்கை சிப்புட் அக்காவிடம் கேள்வி பதில்

கே: அக்கா, வீட்டில் காயவைக்க எந்த வகை நல்லது?

ப: ரோமா. குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையறை இரண்டோ மூன்றோதான், சதை தடிப்பு. உருண்டைத் தக்காளியில் அறை அறையாகச் சாறு. தட்டில் வழிந்தோடி, கடைசியில் தோல்தான் மிஞ்சும். இத்தாலியில் பிரின்சிப்பே போர்கேசே என்று ஒரு சின்ன வகை உண்டு, காயவைப்பதற்கே பேர் போனது. ஆனால் நம் ஊர் இரவுச் சூட்டில் ரோமா பூத்தும் பிஞ்சு பிடிக்காமல் கொட்டும். அதனால் குளிரான கேமரன் மலையில் விளைந்த பழத்தை வாங்கிக் காயவையுங்கள். நட்டே தீர வேண்டுமென்றால் செர்ரி வகை நடுங்கள், சூட்டை ஓரளவு தாங்கும்.

கே: செடி பச்சையாக இருக்கும்போதே வாடிவிடுகிறது.

ப: அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்தில்லை. அந்த மண்ணில் கத்தரி, மிளகாயும் வேண்டாம். வாடல் தாங்கும் கத்தரி வேரில் ஒட்டுக்கட்டிய தக்காளிக் கன்று கிடைத்தால் வாங்குங்கள்.

கே: முறத்தில் வெயிலில் வைக்கலாமா?

ப: கூடாது. நம் காற்றில் ஈரம் அதிகம், மத்தியானம் மழை வேறு. பூசணம் பிடிக்கும். அவனில் (oven) 60 டிகிரி செல்சியஸில் காயவையுங்கள்.

கே: விதையை வழித்துவிடலாமா?

ப: வேண்டாம்.

கே: ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் வழித்துத்தான் போடுகிறோம், சீக்கிரம் காய்கிறதே?

ப: சீக்கிரம் காயும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதையைச் சுற்றிய கொழகொழப்பில்தான் ருசி கூட்டும் குளுட்டமேட் என்ற பொருள் சதையைவிட அதிகம். அதை வழித்தால் ருசியையே வழிக்கிறீர்கள்.

கே: விதை கசக்காதா?

ப: கருகினால் கசக்கும். சூட்டைக் குறையுங்கள், விதையைப் பழிக்காதீர்கள்.

கே: அப்படியென்றால் உருண்டைத் தக்காளி?

ப: அதற்கு மட்டும் வழியுங்கள், ஈப்போக்காரர் சொன்னதே சரி. ரோமாவிலும் செர்ரியிலும் கை வைக்காதீர்கள்.

கே: மாடியில் வெயில் நன்றாக அடிக்கிறது, அங்கே?

ப: மேலே சொல்லிவிட்டேன். வெயில் வேண்டாம்.

கே: காய்ந்ததைப் பூண்டோடு எண்ணெயில் போட்டு வெளியே வைக்கலாமா?

ப: வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் காற்றில்லை, பூண்டோடு வரும் போட்டுலிசம் கிருமி அங்கே நஞ்சு சுரக்கும். வாடையோ நிறமோ மாறாது, ஆளைக் கொல்லும். ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடியுங்கள்.

கே: அதையே விற்கலாமா?

ப: சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள். பூண்டை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஆறவிட்டு அழுத்துங்கள். தோல்போல வளைய வேண்டும், ஈரம் கசியக்கூடாது. பிறகு போத்தலில் ஒரு வாரம், தினமும் குலுக்குங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் மறுபடி அவனுக்கே போகட்டும்.