இப்படியும் ஒரு விலை வருமா? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம்: "இந்த விலை எப்படிச் சாத்தியம்?" சந்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் காரணம் பல சமயம் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்திலோ, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி போட்ட ஒரு வரம்பிலோ இருக்கும். அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டு ஈ.டி.எஃப். ஒன்றை மாதாமாதம் வாங்கி வருகிறேன். அதன் சந்தை விலை என்.ஏ.வி.யைவிட 10 சதவிகிதத்துக்கும் மேல் இருக்கிறது. தொடரலாமா?

நிறுத்தி வையுங்கள். ஈ.டி.எஃப். என்பது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்; என்.ஏ.வி. என்பது அதன் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள சொத்தின் மதிப்பு. சாதாரணமாக ஈ.டி.எஃப். விலை என்.ஏ.வி.யைத் தாண்டினால், மார்க்கெட் மேக்கர்கள் (யூனிட்களைத் தொடர்ந்து வாங்கி விற்கும் பெரிய வர்த்தகர்கள்) ஃபண்ட் நிறுவனத்திடம் என்.ஏ.வி. விலைக்குப் புது யூனிட்களை வாங்கிச் சந்தையில் விற்பார்கள். லாபம் அவர்களுக்கு; இடைவெளியும் தானாக மூடிவிடும். வெளிநாட்டு ஈ.டி.எஃப்.களில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட்கள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் உச்சவரம்பு. 2022 தொடக்கத்தில் அதை நெருங்கியதும் புது முதலீட்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் திறந்தபோதும் பழைய பங்குகளை விற்றுக் கிடைத்த இடம் அளவுக்குத்தான். புது யூனிட் வராது, வாங்குபவர்கள் மட்டும் கூடுகிறார்கள். கூடுதல் விலை அங்கிருந்து வருகிறது.

இதில் உள்ள ஆபத்தை ஒரு கணக்கில் பாருங்கள். என்.ஏ.வி. 100 ரூபாய், நீங்கள் வாங்கியது 115-க்கு. ஓராண்டில் நாஸ்டாக் 10% ஏறி என்.ஏ.வி. 110 ஆகிறது. அதே சமயம் வரம்பு தளர்ந்து பிரீமியம் (என்.ஏ.வி.க்கு மேல் கொடுத்த கூடுதல் விலை) கரைகிறது. குறியீடு 10% ஏறியும் உங்கள் கையில் 4 சதவிகிதத்துக்கு மேல் நஷ்டம்.

வாங்கும் முன் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்.ஏ.வி.யை (சந்தை நடக்கும்போதே கணக்கிடப்படும் என்.ஏ.வி.) பாருங்கள், நேற்றைய என்.ஏ.வி. போதாது. நம் பகல் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருப்பதால் ஓரிரு சதவிகித வித்தியாசம் இயல்பு. அங்கே ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) ஏறியிருந்தால் இங்கே முன்கூட்டியே ஏறும். அதற்கு மேல் போனால் அது பிரீமியம்தான். மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்குவது) போடவே போடாதீர்கள், லிமிட் ஆர்டர் (நீங்கள் சொல்லும் விலைக்குள் வாங்குவது) மட்டும். விலை என்.ஏ.வி.க்குக் கீழே 1 சதவிகிதத்துக்கு மேல் தொடர்ந்து 7 வர்த்தக நாட்கள் கிடந்தால், சிறு முதலீட்டாளரும் ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாகத் திருப்பிக் கொடுக்க செபி வழி வைத்திருக்கிறது. பிரீமியத்தில் மாட்டியவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

(2025 அக்டோபரில் வெள்ளி ஈ.டி.எஃப்.களிலும் இதே கூத்து நடந்தது. அங்கே வரம்பு காரணமல்ல. தீபாவளிக்கு முன் வெள்ளிக் கட்டிகளே கிடைக்காத தட்டுப்பாடு. சில நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஈ.டி.எஃப்.பில் முதலீடு செய்யும் ஃபண்ட் ஆஃப் ஃபண்டில் மொத்தமாகப் பணம் போடுவதைச் சிறிது காலம் நிறுத்தியே வைத்தன.)

கேள்வி: 2020-ல் கச்சா எண்ணெய் விலை மைனஸில் போனதே, அப்போது பெட்ரோலை ஏன் சும்மா தரவில்லை?

மைனஸில் போனது எண்ணெய் அல்ல, ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தம். 2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க் சந்தையில் டபிள்யூ.டி.ஐ. என்ற அமெரிக்க எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மறுநாள் அது காலாவதி. கையில் வைத்திருப்பவர் ஒப்பந்தத்துக்கு 1,000 பீப்பாய் வீதம் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் ஊரில் போய் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். கொரோனா முடக்கத்தில் எண்ணெய்க்குத் தேவையில்லை, குஷிங்கின் தொட்டிகளில் மிச்சமிருந்த இடத்தையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். தொட்டி இல்லாதவர் பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்தைத் தள்ளிவிட வேண்டிய நிலை. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் சுமார் 20 டாலரில் நின்றது. கடல்வழியே போகும் பிரென்ட் எண்ணெயும் பிளஸில்தான் இருந்தது. இந்தியா பெருமளவு வாங்குவது பிரென்ட், வளைகுடா விலைகளை ஒட்டி. போதாக்குறைக்கு மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தி, இறக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

இந்த விவகாரத்தில் நம் ஊர் கமாடிட்டிச் சந்தையான எம்.சி.எக்ஸ்.சின் வாடிக்கையாளர்களும் பலமாக அடிபட்டார்கள். பொதுமுடக்கத்தால் அப்போது எம்.சி.எக்ஸ். மாலை 5 மணிக்கே மூடியது. நியூயார்க்கில் விலை சரிந்தது நம் நள்ளிரவில். ஆனால் எம்.சி.எக்ஸ். ஒப்பந்தத்தில் எண்ணெய் கைமாறுவதில்லை. நியூயார்க் விலையை ரூபாயில் மாற்றிப் பணமாகத் தீர்ப்பார்கள். அப்படித்தான் இறுதி விலை மைனஸ் 2,884 ரூபாய் என்று நிர்ணயமானது. பகலில் பீப்பாய் 1,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தவருக்கு நஷ்டம் 3,884. ஒரு லாட் 100 பீப்பாய், ஆக 3,88,400 ரூபாய். "பூஜ்யத்துக்குக் கீழே எங்கே போகப்போகிறது" என்று ஸ்டாப் லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக வெளியேறும் ஆர்டர்) இல்லாமல் விட்டவர்கள் போட்ட பணத்தைப்போல் பல மடங்கு இழந்தார்கள். கமாடிட்டியில் இறங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: தீர்வு விலை எந்த நாட்டுச் சந்தையில், எத்தனை மணிக்கு எடுக்கப்படுகிறது? அந்த நேரத்தில் நீங்கள் வெளியேற முடியுமா?

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): பணவீக்கம் மைனஸுக்குப் போட்டுது என்று சொல்லிச்சினம். கடையில சாமான் விலை பழைய இடத்துக்கு வரேல்லையே?

வராது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுப்போம். 2021 செப்டம்பரில் 100 ரூபாயாக இருந்த கூடை, 69.8% பணவீக்கத்தில் 2022 செப்டம்பரில் 169.80 ஆனது. அடுத்த ஆண்டு 1.3% ஏறி சுமார் 172. 2024 செப்டம்பரில் மைனஸ் 0.5%, அதாவது சுமார் 171. 172 என்பது 171 ஆனதைத்தான் செய்தியில் சொன்னார்கள். குறைந்ததிலும் பெரும்பங்கு மின் கட்டணமும் எரிபொருளும். அரிசி, தேங்காய் வாங்குபவருக்கு அதுவும் தெரிந்திருக்காது.

கேள்வி: 3 ரூபாய் பங்கு ஒரே நாளில் 2 லட்சத்தைத் தாண்டியதாமே? இதுபோல வேறு பங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸைச் சொல்கிறீர்கள். 2024 அக்டோபர் 29 அன்று 3.53 ரூபாயிலிருந்து 2,36,250-க்குப் போனது. ஆனால் 3.53-க்கு யாரும் விற்கவில்லை என்பதுதான் விஷயம். மொத்தமே 2 லட்சம் பங்குகள், முக்கால்வாசி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர்களிடம். நிறுவனத்தின் கையில் இருந்த ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளை வைத்துப் பார்த்தால் ஒரு பங்கின் புத்தக மதிப்பே 5 லட்சத்துக்கு மேல். அதை 3 ரூபாய்க்கு யார் கொடுப்பார்கள்? தினமும் 5% மட்டுமே ஏறலாம் என்ற வரம்பு இருந்ததால், தினசரி உச்சத்தைத் தொட்டாலும் நியாயமான விலைக்கு வர 225 வர்த்தக நாட்களுக்கு மேல் ஆகும். பிற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதே வேலையான ஹோல்டிங் கம்பெனிகளுக்காக வரம்பில்லாத சிறப்பு ஏலத்தை செபி கொண்டுவந்ததும், ஒரே நாளில் திரை விலை உண்மைக்குக் கொஞ்சம் அருகே வந்தது.

ஏலம் முடிந்தும் புத்தக மதிப்பில் பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹோல்டிங் கம்பெனிகள் இப்படித் தள்ளுபடியில் கிடப்பது சகஜம். கையில் உள்ள பங்குகளை விற்கச் சொல்லிச் சிறு பங்குதாரர் வற்புறுத்த முடியாது. விற்றாலும் மூலதன ஆதாய வரி உண்டு. "தள்ளுபடியில் கிடைக்கிறது" என்பதற்காக மட்டும் வாங்கினால், அந்தத் தள்ளுபடி உங்கள் பேரன் காலத்திலும் அப்படியே இருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் 10 ஆண்டுக் கடன் பத்திர வட்டி 2 ஆண்டு வட்டியைவிடக் குறைந்தால் மந்தநிலை நிச்சயம் என்றார்கள். எங்கே வந்தது?

2022 ஜூலையில் தலைகீழான அந்த வட்டி வரைகோடு (குறுகிய கால, நீண்ட கால வட்டிகளைக் காட்டுவது) 2024 செப்டம்பர் வாக்கில்தான் நிமிர்ந்தது. மந்தநிலை வரவில்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்தருகிலிருந்து 5.25–5.50 சதவிகிதத்துக்கு ஏற்றியும், வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் குறைந்த வட்டியை 30 ஆண்டுக்கு நிலையாகப் பூட்டி வைத்திருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் அப்படியே. வட்டி உயர்வு அவர்கள் பையைத் தொடவே இல்லை. அரசின் செலவும் குறையவில்லை. இந்த அறிகுறி முன்பு பலமுறை பலித்தது உண்மைதான், ஆனாலும் அதை நம்பிப் பங்குகளை விற்றுவிட்டு உட்கார்ந்தவர்கள் 2023, 2024 ஏற்றத்தைத் தவறவிட்டார்கள்.

கேள்வி: கேம்ஸ்டாப் பங்கில் 100 சதவிகிதத்துக்கு மேல் ஷார்ட் இருந்ததாம். இல்லாத பங்கை எப்படி விற்றார்கள்?

ஷார்ட் என்பது கடன் வாங்கிய பங்கை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் திருப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்ற கணக்கு. அமெரிக்க வீடியோ கேம் கடை நிறுவனமான கேம்ஸ்டாப்பில், இருந்த பங்கையே இரண்டு முறை விற்றார்கள். ஒருவரிடம் கடன் வாங்கிய பங்கை நான் உங்களுக்கு விற்கிறேன். உங்கள் புரோக்கர் அதையே மூன்றாமவருக்குக் கடன் தர, அவரும் விற்கிறார். ஒரே பங்கு, இரண்டு ஷார்ட். 2021 ஜனவரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பி வாங்க ஓடியதும் விலை 483 டாலர் வரை பறந்தது. இந்தியாவில் பங்குக் கடன் சந்தை மிகச் சிறியது என்பதால் இந்த அளவுக்குச் சேராது. இங்கே ஆபத்து வேறு: அன்றே திருப்பி வாங்கும் எண்ணத்தில் இன்ட்ராடேயில் விற்ற பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைய உச்ச விலை வரம்பில்) பூட்டிக்கொண்டு திருப்பி வாங்க முடியாமல் போனால், எக்ஸ்சேஞ்ச் அதை ஏலத்தில் வாங்கி எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும். ஏல விலை சந்தை விலையைவிட 20% வரை கூடுதலாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசம் உங்கள் கணக்கில்தான் விழும்.