எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தசை கரையாமல் இருக்க என்ன சாப்பிட வேண்டும்?

எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே குறையும். முழுசாகத் தடுக்க முடியாது, ஆனால் நிறையவே குறைக்கலாம்.

முதல் வேலை புரதம். பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை சொல்வார்கள். உங்களுக்கான அளவை உணவியல் நிபுணர் முடிவு செய்யட்டும். வயிறு சுருங்கிவிட்டதால் நாலு வாயிலேயே நிறைந்துவிடும். அதனால் தட்டில் முட்டை, மீன், பருப்பு, தயிர் எது இருந்தாலும் அதை முதலில் சாப்பிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஆரம்ப மாதங்களில் புரதப் பவுடர் இல்லாமல் கணக்கு நிறைவது கஷ்டம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தசையைக் காப்பது எடை தூக்கும் பயிற்சி. மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்தே தொடங்கலாம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், அவை ஆயுள் முழுக்கத் தேவை. இரும்பையும் கால்சியத்தையும் 2 மணி நேர இடைவெளி விட்டு எடுங்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.