வேலிப் பொட்டு வழியே 900 கிலோமீற்றர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கனடாவுக்குப் படிக்க வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன என்றும், ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் நால்வரோடு தங்கியிருக்கிறீர்கள் என்றும், அடுத்த கோடையில் கிடைக்கும் ஒரு மாத விடுமுறையில் ஒன்ராறியோ மாகாணத்தில் நயாகராவிலிருந்து ரோபர்மோரி வரை செல்லும் புரூஸ் ட்ரெயில் என்ற நடைபாதையைத் தனியாக, ஒரே தொடராக நடந்து முடிக்க விரும்புகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தச் சப்பாத்து வாங்குவது, எவ்வளவு செலவாகும், இரவில் எங்கும் கூடாரம் அடித்துத் தங்கலாமா, ஆபத்து உண்டா என்பவை உங்கள் கேள்விகள். சப்பாத்தையும் செலவையும் பற்றிச் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் முன்னே முட்டாத ஒன்றை வாங்குங்கள். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கூடாரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

எங்கும் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட முகாமிடங்கள் மிகச் சில. அவையும் ஒரு நாள் நடைத் தூரத்தில் ஒன்றென ஒழுங்காக அமைந்தவை அல்ல. புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்காவுக்குள் ஸ்ரோம்ஹேவன், ஹை டம்ப் ஆகிய இடங்களில் தங்கலாம், ஆனால் அவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். மற்றபடி மரத்தடியில் ஓர் இரவு படுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பாதை எப்படி உண்டானது என்று அறிந்த பிறகே என் எண்ணம் மாறியது.

குயீன்ஸ்ரனில் தொடங்கி புரூஸ் தீபகற்பத்தின் முனையில் முடியும் இந்தப் பாதையின் நீளம் ஏறக்குறைய 900 கிலோமீற்றர். நயாகரா நீர்வீழ்ச்சி விழுகின்ற அதே பாறைமேட்டின் விளிம்பை ஒட்டியே அது வடக்கு நோக்கிச் செல்கிறது. இதை அமைக்க வேண்டும் என்று முதலில் எண்ணியவர் ஹமில்ரனில் உருக்கு ஆலையொன்றில் பணியாற்றிய ரே லோவ்ஸ் என்பவர். 1960இல் அவரோடு சேர்த்து நால்வர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அவர்களுள் ஒருவரான பிலிப் கோஸ்லிங் பாறைமேட்டை ஒட்டிய பண்ணை வீடுகளின் கதவுகளைத் தட்டி, உங்கள் நிலத்தின் ஓரமாக மக்கள் நடந்துபோக விடுவீர்களா என்று கேட்டார். பெரும்பாலானோர் சரி என்றார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை, கைகுலுக்கல் மட்டுமே. அப்படித்தான் 1967இல், கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய ஆண்டில், பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. பின்னர் பல இடங்களில் நிலம் விலைக்கு வாங்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இன்றும் கணிசமான பகுதி தனியார் காணிகளின் ஊடாக, உரிமையாளர்களின் நல்லெண்ணத்தால் மட்டுமே செல்கிறது.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் இதை உங்களுக்கு எளிதாக விளங்கவைக்கலாம். நம் ஊரில் கிடுகு வேலிக்கு நடுவே அயல்வீட்டார் போய்வருவதற்கு ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் அளவு இடைவெளி, விட்டிருப்பார்கள். ஊரடங்கு நாட்களில் வீதியில் இறங்க முடியாதபோது, ஒரு வீட்டுப் பொட்டால் நுழைந்து மறுவீட்டுப் பொட்டால் வெளியேறி, மருந்தும் அரிசியும் குழந்தைகளும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போன காலத்தை நான் கண்டிருக்கிறேன். அதே ஊரில், வேலி ஒரு சாண் தள்ளிப்போனதற்காகப் பத்து ஆண்டுகள் நீதிமன்றம் ஏறிய அண்ணன் தம்பியரையும் கண்டிருக்கிறேன். சண்டை வந்தால் முதலில் அடைபடுவது பொட்டுத்தான். புரூஸ் ட்ரெயில் 900 கிலோமீற்றர் நீளத்துக்குத் தொடரும் பொட்டு. அதில் நடப்பவர் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய வளவுக்குள் விருந்தாளியாக நுழைகிறார்.

இந்தப் பாதையில் நான் பராமரிக்கும் பகுதிக்கு அருகே ஓர் ஓடைக்கரை இருந்தது. சீடர் மரங்களின் கீழே, பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே செல்லும் முக்கால் கிலோமீற்றர். ஒரு கோடையில் அங்கே யாரோ இரவு தங்கி, நெருப்பு மூட்டி, போத்தல்களை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காணி உரிமையாளரான முதிய பெண்மணி மறு வாரமே, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை, வருத்தத்தோடு சொன்னார். மரங்களில் வழிகாட்டிய வெள்ளை அடையாளங்களை என் கையாலேயே சாம்பல் நிறச் சாயம் பூசி மறைத்தேன். இப்போது அந்த இடத்தில் நடப்பவர்கள் சரளைக்கல் வீதியோரமாக, லொறிகள் கிளப்பும் தூசிக்குள் நடக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் திறந்திருந்த வழி ஓர் இரவில் அடைபட்டது. ஆகவே, தம்பி, கூடாரத்தை மறந்துவிடுங்கள்.

முப்பது நாளில் முடிப்பது என்பதையும் மறந்துவிடுங்கள். நாளொன்றுக்கு முப்பது கிலோமீற்றர் என்ற கணக்கு கடதாசியில் அழகாக இருக்கும். வடக்கே தீபகற்பத்தின் டொலமைற் பாறைகளில், மழை பெய்து முடிந்த காலையில், நான் மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடந்ததில்லை. அந்தப் பாறை ஈரமானால் எண்ணெய் பூசிய தரையைப் போல வழுக்கும்; பாசிக்கு அடியில் ஆள் இறங்கும் அளவுக்கு ஆழமான வெடிப்புகள் மறைந்திருக்கும். பாறை விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். ஹமில்ரனின் அருவிகளில் தவறி விழுந்தவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மேலே தூக்குவதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அன்று தூக்கப்பட்ட பையனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கரடியைப் பற்றியே கேட்கிறார்கள். வடக்கே கருங்கரடிகள் உண்டு, ஒன்ராறியோவின் ஒரே நச்சுப் பாம்பான மசசோகாவும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பாம்பை ஒரே ஒரு முறை, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கக் கண்டேன், சுற்றிக்கொண்டு போனேன். எனக்குக் கவலை தருவது உண்ணி. எள்ளளவு இருக்கும் கருங்கால் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. குளிர் நீங்கி வெப்பநிலை நான்கு பாகைக்கு மேல் ஏறினாலே அவை நடமாடத் தொடங்கிவிடும். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், மயிர்க்கால்கள் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். தீக்குச்சி சுடுவது, எண்ணெய் பூசுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். குடும்ப வைத்தியர் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளர்களே உண்ணிக் கடிக்கான முற்காப்பு மருந்தை எழுதிக் கொடுக்கலாம். என் நண்பர் ஒருவர் சின்னக் கடிதானே என்று விட்டுவிட்டு, ஒரு வருடம் மூட்டு நோவோடு அலைந்தார்.

தனியாகப் போவதைப் பற்றிக் கேட்டபோது எனக்கு என் முதல் நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் 1991 ஜனவரியில் வந்து இறங்கியபோது காலில் இருந்தது கொழும்பில் வாங்கிய கன்வஸ் சப்பாத்து. இரவு வேலை முடிந்து வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வீடு வரை ஐந்து கிலோமீற்றர், பனிக்குள் நடப்பேன். பெருவிரல்கள் வெளிறி உணர்விழந்ததைக் கண்டு பயந்து சுடுநீரில் வைத்தபோது வந்த வலியை இன்றும் மறக்கவில்லை. அந்த நாட்களில் நடப்பது என்றால் எனக்கு வறுமை. காருக்குப் பணம் சேரும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தண்டனை.

அதை மாற்றியவர் என்னோடு அதே இயந்திரத்தில் நின்ற ஒரு முதியவர். இளம் வயதில் பின்லாந்திலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். 1996 ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை லைம்ஹவுஸுக்கு அழைத்துப் போனார். அங்கே காட்டுக்குள் பழைய சுண்ணாம்புச் சூளைகள் இடிந்து நிற்கின்றன. அவற்றைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். இவர்களும் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே இந்த நாட்டை எனக்குச் சற்று அருகில் கொண்டுவந்தது. அன்று மழை தூறியது. நான் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் அணிந்திருந்தேன். பருத்தி ஈரமானால் உடம்பின் சூட்டை முழுவதுமாக உறிஞ்சிவிடும். ஒரு மணி நேரத்தில் பற்கள் அடித்துக்கொண்டன. முதியவர் ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்த கம்பளி மேலாடையை எடுத்துத் தந்தார். அவரும் யாரோ வருவார்கள் என்று எண்ணித்தான் இரண்டாவதாக ஒன்றைச் சுமந்து வந்திருக்கிறார். நானும் இன்று வரை இரண்டு சுமக்கிறேன்.

அதன்பின் நான் ஒவ்வொரு துண்டாக நடந்தேன். சனிக்கிழமை இரவு வேலை முடிந்து நான்கு மணி நேரம் தூங்கி, ஞாயிறு காலை புறப்பட்டு, பதினைந்து கிலோமீற்றர் நடந்து திரும்புவேன். 2004 முதல் மனைவியும் வந்தார். இரண்டு கார்கள் இருந்தால் ஒன்றை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு மற்றதில் தொடக்கத்துக்குப் போகலாம். உங்களுக்குக் கார் இல்லாதபடியால், பாதையைப் பராமரிக்கும் ஒன்பது கழகங்களில் ஒன்றோடு சேருங்கள். அவை வார இறுதிகளில் பேருந்து ஒழுங்கு செய்து பகுதி பகுதியாக அழைத்துச் செல்லும். முழுவதையும் நடந்து முடிக்க எனக்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. அதில் எனக்குக் குறை ஏதுமில்லை, ஏனென்றால் மே மாதத்து வெள்ளை டிரிலியம் பூக்களையும் ஒக்ரோபர் மேப்பிளையும் நான் பதினேழு முறை பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடப்பதற்கா கனடாவுக்கு வந்தோம் என்று என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக இங்கு வாழ்ந்தும் வீடு, வேலை, மண்டபம், கோயில் என்ற நான்கு இடங்களைத் தவிர வேறெதையும் அறியாதவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மண்ணில் கால் படாமலே முதுமை அடைவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மற்றொரு சாரார் அருவிகளுக்கு மட்டும் கூட்டமாக வந்து, உரத்துப் பாட்டுப் போட்டு, உணவுத் தட்டுகளை மரத்தடியில் விட்டுப் போகிறார்கள். இது தமிழர்கள் மட்டும் செய்வதன்று. ஆயினும் சோற்றுப் பருக்கையோடு கிடக்கும் தட்டைப் பொறுக்கும்போது, அடுத்து வருபவர் யாரை நினைப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் எப்போதும் வெறும் பை ஒன்றைக் கொண்டு போகிறேன்.

தொலைநடை நமக்குப் புதிதுமன்று. என் அம்மம்மா தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பின்னர் குமணக் காடு என்று ஒன்றரை மாதம் வெறுங்காலோடு நடந்ததைக் கதை கதையாகச் சொல்வார். கொப்புளங்களை விட, வழியில் முன்பின் அறியாதவர்கள் தங்கள் திண்ணைகளில் படுக்க இடம் தந்ததையும் மோர் ஊற்றியதையுமே அவர் அதிகம் சொன்னார். தீபகற்பத்தின் பாறை முகங்களில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த சீடர் மரங்கள், மண்ணே இல்லாத வெடிப்புகளில் வேரூன்றி, ஓர் ஆளின் உயரத்துக்கும் வளராமல் நிற்பதை முதன்முதலில் கண்டபோது நான் அவரைத்தான் நினைத்தேன். 2013 ஓகஸ்டில் ரோபர்மோரித் துறைமுகத்தில், பாதை முடியும் இடத்திலுள்ள கற்குவியலில் மனைவி கையை வைத்து, சந்நிதியில் நிற்பதுபோலச் சற்று நேரம் கண்களை மூடி நின்றார்.

உங்கள் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது இவற்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் நீங்கள் பாதையில் இருக்கிறீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தால் பாதை திரும்புகிறது, மேற்கோடு எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நீலக் கோடு பக்கப் பாதை. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்; வேட்டைக் காலத்தில் சில காணிகள் மூடப்படும், மற்ற இடங்களில் செம்மஞ்சள் மேலாடை அணிய வேண்டும். ஓடை நீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள், மேலே மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன.

மே மாதத் தொடக்கத்தில், குளிர்காலத்தில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றவும், மங்கிய கோடுகளுக்கு வெள்ளை பூசவும் நான் என் பகுதிக்குப் போவேன். ஏணியும் வாளும் என்னிடம் இருக்கின்றன. ஒரு கை குறைகிறது. வருவதாயின் நீண்ட கைச் சட்டையும் கையுறையும் கொண்டு வாருங்கள், கம்பளி மேலாடை என் பையில் இருக்கும். அந்த முதிய பெண்மணியின் காணியை அவருடைய மகள் பொறுப்பேற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நீங்களும் கூட வாருங்கள்.