டிஃபெண்டர் கோச் ஆகலாமா?

கேள்வி: என் மகன் கால்பந்தில் டிஃபெண்டர், அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். கோல் அடிக்காதவன் பின்னாளில் கோச்சாகப் பேர் வாங்க முடியுமா சார்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தாராளமாக! உங்களுக்குப் பக்கத்திலேயே, சாலக்குடிக்காரர் டி.கே. சாத்துண்ணி இருந்தாரே! வாஸ்கோ கோவா, பம்பாய் ஓர்கே மில்ஸ் அணிகளில் டிஃபெண்டராக ஆடியவர். 1990இல் அவர் கோச்சாக இருந்த கேரள போலீஸ், திருச்சூர் ஃபைனலில் கோவாவின் சால்கோகர் அணியை 2-1 என வென்று, தேசிய அளவிலான ஃபெடரேஷன் கோப்பையைத் தூக்கியது. இந்திய அணி வீரர்கள் வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன் எல்லாம் இருந்த அணி அது. 1997-98இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு முதல் தேசிய லீக் பட்டம் கிடைத்ததும் அவர் காலத்தில்தான். 2024இல் காலமானார்.

பின்னால் நிற்பவனுக்குத்தான் மைதானம் முழுசாகத் தெரியும். அடுத்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டத்துக்கு மகனைக் கூட்டிப்போங்கள். பந்தை விட்டுவிட்டு, கடைசி டிஃபெண்டர் கையை நீட்டி யாரை எங்கே நகர்த்துகிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.