வேலையைக் கொடுத்தீர்கள், முடிவெடுக்கும் உரிமையை?

பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது பற்றி மேலாளர்கள் கேட்டிருந்தவற்றில் சில.

கேள்வி: வாராந்திர அறிக்கையை நானே செய்தால் அரை மணி நேரம். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவே ஒரு நாள் ஆகிறது. எதற்கு இந்தச் சுற்றுவழி?

வாரம் அரை மணி என்றால் வருடத்துக்கு 26 மணி நேரம். சொல்லிக்கொடுக்க 8 மணி, முதல் சில வாரம் சரிபார்க்க 3 மணி என்று வைத்தாலும், முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் மிச்சம். ஒரே ஒரு முறை வரும் வேலையா? நீங்களே செய்துவிடுங்கள், தப்பில்லை.

கேள்வி: பொறுப்பைக் கொடுத்துவிட்டேன். ஆனால் சின்ன விஷயத்துக்கும் என்னிடமே வந்து நிற்கிறார்கள். நான் விடுப்பில் போனால் வேலையும் நின்றுவிடுகிறது.

நீங்கள் கொடுத்தது வேலையை மட்டும். முடிவெடுக்கும் உரிமை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

டேவிட் மார்கே 1999இல் அமெரிக்கக் கடற்படையின் சான்டா ஃபே நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவரானார். அவர் தயாராகி வந்ததோ வேறொரு கப்பலுக்கு. ஒரு பயிற்சியின்போது, சான்டா ஃபேயில் இல்லவே இல்லாத வேகநிலை ஒன்றுக்கு உத்தரவிட்டார். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தும், அதிகாரி அதே உத்தரவைத் திருப்பிச் சொன்னார். காரணம்? தலைவர் சொல்லிவிட்டாரே! அதற்கப்புறம் மார்கே முறையையே மாற்றினார். 'என்ன செய்யட்டும்?' என்று அதிகாரிகள் வந்து நிற்கக் கூடாது. 'இதைச் செய்யப் போகிறேன்' என்று வந்து சொல்ல வேண்டும்.

நீங்களும் நாளைக்கே தொடங்கலாம். கேள்வியோடு வருபவரிடம், 'நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். உடனே பதில் வராது. பொறுக்க முடியாமல் நீங்களே சொல்லிவிட்டால் போச்சு, அடுத்த முறையும் வருவார். கூடவே எல்லையை எழுத்தில் கொடுங்கள்: எவ்வளவு செலவு வரை அவரே முடிவு செய்யலாம், எதைச் செய்துவிட்டுச் சொன்னால் போதும், எதற்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். எல்லை தெரியாதவர் பயந்துபோய்க் கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

உங்களிடம் நேரடியாக வேலை பார்ப்பவரின் மதிப்பீடு, சம்பளப் பேச்சு, வேலையை விட்டு அனுப்பும் செய்தி. இவற்றை நீங்களேதான் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பொறுப்பேற்றவர் வாடிக்கையாளர் விஷயத்தில் பெரிய தவறு செய்துவிட்டார். வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வேலை கைமாறினாலும் அது மாறாது. அவர் எதிரில் உங்கள் ஆளைக் கைகாட்டாதீர்கள். அப்புறம் தனியே உட்கார்ந்து, விவரம் போதாமல் நடந்ததா, அக்கறையில்லாமல் நடந்ததா என்று பாருங்கள். விவரம் போதவில்லை என்றால் வேலை அவரிடமே இருக்கட்டும். கடைசி நாளில் மொத்தமாகப் பார்ப்பதை விட்டு, கால்பங்கு முடிந்ததுமே ஒருமுறை பாருங்கள், திருத்த அவகாசம் இருக்கும். சொல்லியும் அக்கறையின்மை தொடர்ந்தால், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம்பி ஒப்படைக்க ஒருவர்தான் இருக்கிறார். எல்லாம் அவர் தலையிலேயே விழுகிறது.

அடுத்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்து, இவரை வழிகாட்டச் சொல்லுங்கள். வழிகாட்டவும் நேரம் பிடிக்கும். அதனால் இவரிடம் இருப்பதில் ஒன்றையாவது முதலில் எடுத்துவிடுங்கள்.