வாசகர் கேள்வி பதில்: அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலை ஆள்றது யாரு?

கேள்வி: அமெரிக்காவுல காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துக்கு ஏன் இவ்ளோ காசு புழங்குது? கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸ்னு சொல்றாங்களே, அது என்ன?

பதில்: இது காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால். அங்க பல மாநிலங்கள்ல புரொஃபஷனல் டீமே கிடையாது, ஊருக்கே அந்த யூனிவர்சிட்டி டீம்தான் எல்லாம். மிச்சிகன் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம், சனிக்கிழமை மேட்ச்னா அது நிரம்பிடும். அவ்ளோ பேர் பாக்குற எடத்துக்கு டிவி காசு வராம இருக்குமா?

கான்ஃபரன்ஸ்னா பத்துப் பதினஞ்சு காலேஜ் சேந்து வச்சுக்கிற ஒரு கூட்டமைப்பு. ஆரம்பத்துல பக்கத்து பக்கத்து ஊர்க்காரங்க சேந்து ஆடணும்னுதான் உருவாச்சு, தெற்கு மாநிலங்களுக்கு எஸ்.இ.சி., நடு மேற்குப் பக்கத்துக்கு பிக் டென், பசிஃபிக் கடலோரத்துக்கு பேக்-12, இப்படி. டிவிக்காரங்க ஒவ்வொரு காலேஜா போய் பேசுறதில்ல, கான்ஃபரன்ஸ்கிட்ட மொத்தமா வாங்குறாங்க, கான்ஃபரன்ஸ் அதைப் பிரிச்சுக் குடுக்குது, அதனால நீங்க எப்படி ஆடுறீங்கங்கிறதை விட யாரோட சேந்து இருக்கீங்கங்கிறதுதான் உங்க வருமானத்தை முடிவு பண்ணுது. மத்த எல்லா கேள்விக்கும் பதில் இதுலதான் தொடங்குது.

கேள்வி: இது எப்பலேந்து இப்படி ஆச்சு?

பதில்: 1984. அதுவரைக்கும் டிவி உரிமை மொத்தமும் என்.சி.ஏ.ஏ. கையில இருந்துச்சு, அதான் அங்க காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற தலைமை அமைப்பு. ஒரு டீம் ரெண்டு வருஷத்துல 6 தடவைக்கு மேல டிவியில வரக்கூடாதுன்னு ரூல். சின்ன காலேஜுக்கும் திரையில எடம் கிடைக்கட்டும்னு ஒரு நியாயம் சொன்னாங்க, ஆனா பெரிய காலேஜுங்களுக்கு அது வயித்தெரிச்சல், எங்களைப் பாக்கத்தானே ஜனம் டிவி போடுதுன்னு ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கேஸ் போட்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 7-2ன்னு ஜெயிச்சுட்டாங்க.

இந்தத் தீர்ப்பை எதிர்த்த ரெண்டு நீதிபதிகள்ல பைரன் ஒயிட் ஒருத்தர், அவரே காலேஜ்லயும் அப்புறம் என்.எஃப்.எல்.ங்கிற புரொஃபஷனல் லீக்லயும் ஆடின பெரிய பிளேயர். இந்த ஆட்டத்தை வெறும் வியாபாரமா மட்டும் பாக்கக்கூடாதுங்கிறதுதான் அவரோட கவலை. சட்டப்படி மத்த 7 பேர் சொன்னது சரியாவே இருக்கலாம், ஆனா அடுத்து நடந்ததையெல்லாம் பாக்கும்போது எனக்கு ஒயிட் பக்கம்தான் மனசு போகுது.

கேள்வி: பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். நூறு வருஷத்துக்கு மேல இருந்த ஒண்ணு எப்படி ஒரே வருஷத்துல காலியாகும்?

பதில்: ஒரே வருஷம்னு சொல்ல முடியாது, ஆனா கடைசி அடி ஒரே நாள்ல விழுந்துச்சு.

2021ல டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ங்கிற இன்னொரு கான்ஃபரன்ஸை விட்டுட்டு எஸ்.இ.சி.க்கு போறோம்னு சொன்னதுதான் முதல் நெருப்பு, சீக்கிரம் வெளிய வர்றதுக்கு ரெண்டு பேரும் சேந்து 100 மில்லியன் டாலர் கட்டினாங்க, கட்டினாலும் லாபம்தான்னு கணக்கு. எஸ்.இ.சி. அப்படி ஆள் சேத்தா பிக் டென் சும்மா இருக்குமா, 2022 ஜூன் 30 அன்னைக்கு பேக்-12ல இருந்த லாஸ் ஏஞ்சலஸ் காலேஜுங்க யு.எஸ்.சி.யையும் யு.சி.எல்.ஏ.வையும் தூக்கிட்டாங்க. ஒன்றரை மாசம் கழிச்சு ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூணு டிவி கம்பெனியோடயும் 7 வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல பிக் டென் ஒப்பந்தம் போட்டுச்சு. லாஸ் ஏஞ்சலஸ் மார்க்கெட் கையில இருந்தா வெல ஏறாம என்ன பண்ணும்?

அதே லாஸ் ஏஞ்சலஸ் இல்லாத பேக்-12க்கு யாரும் அந்த அளவுக்கு குடுக்கத் தயாரா இல்ல. கடைசியில ஆப்பிள் ஒரு ஸ்ட்ரீமிங் ஆஃபர் கொண்டு வந்துச்சு, சந்தாதாரர் சேரச் சேர வருமானம் ஏறும்னு. எத்தனை பேர் சேருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு கிளம்பிட்டாங்க, டிவி காசுல முழுப் பங்கு கூட இல்ல, கிட்டத்தட்ட பாதிப் பங்குக்கு ஒத்துக்கிட்டுதான் போனாங்க, அதுவே இங்க இருக்குறதை விட மேல்னு தோணியிருக்கு. அன்னைக்கே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூணும் பிக் 12க்கு போயாச்சு, கொலராடோ ஒரு வாரம் முன்னாடியே போயிடுச்சு. ஒரு மாசத்துல ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில சேந்தாங்க, ஏ.சி.சி.ன்னா அட்லாண்டிக் கடலோர கான்ஃபரன்ஸ், இவங்க இருக்குறதோ பசிஃபிக் கடலோரம்.

மிச்சம் நின்னது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ரெண்டே ரெண்டு. அவங்க பண்ணின தப்பு என்னன்னா சின்ன ஊர்ல இருந்தது, அவ்ளோதான். வாஷிங்டன் ஸ்டேட் இருக்குற புல்மன் கோதுமை வயலுக்கு நடுவுல இருக்குற ஊர், சியாட்டில் மாதிரி டிவி மார்க்கெட் கிடையாது. அடுத்த வருஷம் செப்டம்பர்ல இந்த வாஷிங்டன் ஸ்டேட்டும் விட்டுட்டுப் போன வாஷிங்டனும் ஆப்பிள் கப்ங்கிற மேட்ச்ல மோதினாங்க (மேல சொன்ன ஆப்பிள் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல), இந்த ரெண்டு டீமும் 1900லேந்து மோதிக்கிறாங்க, வழக்கமா நவம்பர் கடைசியில நடக்குற மேட்ச், கான்ஃபரன்ஸ் உடைஞ்சதால செப்டம்பருக்கு தள்ளிட்டாங்க. ஆட்டம் முடியுற நேரம், வாஷிங்டனுக்கு நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோல் லைனுக்கு 1 யார்டுதான் பாக்கி, போனா ஜெயிச்சிடலாம், வாஷிங்டன் ஸ்டேட் பசங்க அந்த ஒரு யார்டை விட்டுக்குடுக்கல. 24-19. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

ஆனா சீசன் முடிஞ்சதும் அந்த டீமோட குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற பிளேயர், ஜான் மட்டீர் ஓக்லஹோமாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு, கோச்சும் வேற காலேஜுக்கு போயிட்டாரு. அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், மேல போக வழி இருந்தா யாரும் போவாங்க. பேக்-12ங்கிற பேரை மட்டும் காப்பாத்தி, போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் இவங்களையெல்லாம் சேத்து 2026லேந்து திரும்ப நடத்துறதா ஏற்பாடு. நல்லா வரட்டும்.

கேள்வி: 2023ல ஒரு மேட்ச் கூட தோக்காத ஃப்ளோரிடா ஸ்டேட்டை, நாட்டோட சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாலு டீம் பிளேஆஃப்ல சேக்கல. அப்புறம் சீசன் முடிவுல ஆரஞ்ச் பௌல்ங்கிற மேட்ச்ல ஜார்ஜியாகிட்ட 63-3ன்னு தோத்தாங்களே, அப்போ கமிட்டி செஞ்சது சரிதானே?

பதில்: சரி இல்லவே இல்ல. 13 மேட்ச் ஆடி 13ம் ஜெயிச்சு ஏ.சி.சி. சாம்பியன் ஆன டீம் அது. நவம்பர்ல குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைஞ்சது, அவர் இல்லாமலும் மிச்ச மேட்ச்சை ஜெயிச்சாங்க. பிளேஆஃப்புக்கு டீமைத் தேர்ந்தெடுக்குற 13 பேர் கமிட்டி உக்காந்து, டிராவிஸ் இல்லாத டீம் முன்ன மாதிரி இல்லன்னு சொல்லி, ஒரு மேட்ச் தோத்த டெக்சஸையும் அலபாமாவையும் உள்ள விட்டுச்சு. அலபாமா எஸ்.இ.சி. டீம்ங்கிறதை மறந்துட்டு இதைப் பாக்க முடியாது. பெரிய அஞ்சு கான்ஃபரன்ஸ்ல தோக்காம சாம்பியன் ஆகியும் நாலு டீம் பிளேஆஃப்ல எடம் கிடைக்காமப் போனது அதுதான் முதல் தடவை.

63-3 பத்தி சொல்றவங்க ஒரு விஷயத்தை விட்டுடுறாங்க, அந்த மேட்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட்டோட முக்கியமான பிளேயர்ஸ் நெறைய பேர் ஆடவே இல்ல, கோப்பையே இல்லன்னு ஆனப்புறம் என்.எஃப்.எல். போகப் போற பசங்க எதுக்கு காயம் பட்டுக்கணும்? என்னை ரொம்ப பாதிச்சது டிராவிஸ் அன்னைக்கு எழுதினதுதான், என் கால் இன்னும் முன்னாடியே உடைஞ்சிருக்கக் கூடாதா, இந்த டீம் நான் மட்டும் இல்லன்னு நீங்க பாத்திருப்பீங்களேன்னு. காயம் பட்ட ஒரு பையனை இப்படி நினைக்க வச்ச முறையை எப்படி சரின்னு சொல்றது?

அதே டிசம்பர்ல ஃப்ளோரிடா ஸ்டேட் ஏ.சி.சி. மேலயே கேஸ் போட்டுச்சு, 2036 வரைக்கும் நீளுற டிவி ஒப்பந்தத்துல எங்களைக் கட்டிப் போட்டுட்டீங்கன்னு. 2025 மார்ச்ல சமரசம் ஆச்சு, இனிமே டிவியில யாரை அதிகம் பேர் பாக்குறாங்களோ அவங்களுக்கு அதிகப் பங்கு. கோர்ட்டுக்குப் போனா பங்கு ஏறும்னு எல்லாரும் கத்துக்கிட்டாங்க.

கேள்வி: இப்பதான் பிளேஆஃப்பை 12 டீம் ஆக்கிட்டாங்களே, பிரச்சினை தீந்துதா?

பதில்: கொஞ்சம் தீந்துது, அதை ஒத்துக்கணும். சின்ன கான்ஃபரன்ஸ் டீமுக்கும் இப்போ வழி இருக்கு: 2017ல அப்படிப்பட்ட யு.சி.எஃப். 13-0ன்னு ஜெயிச்சும் வெளியிலயே நின்னுச்சு, 2024ல போய்சி ஸ்டேட்டுக்கு உள்ள எடம் கிடைச்சுது. ஆனா அந்த 12ல 4 பிக் டென், 3 எஸ்.இ.சி. காசுன்னு வந்தா இன்னும் மோசம்: 2026லேந்து பிளேஆஃப் டிவி காசா வருஷத்துக்கு சுமார் 1.3 பில்லியன் டாலர் வரப் போகுது, அதுல ஆளுக்கு ஏறக்குறைய 29 சதவீதம் பிக் டென்னும் எஸ்.இ.சி.யும் எடுத்துக்கும், சின்ன கான்ஃபரன்ஸ் அத்தனையும் சேந்து சுமார் 9 சதவீதம்தான். பிளேஆஃப் எத்தனை டீமோட நடக்கணும், எப்படி நடக்கணும்னு முடிவு பண்ற கையும் அந்த ரெண்டு பேரோடதுதான். மத்தவங்க ஏன் கையெழுத்து போட்டாங்கன்னா, போடலேன்னா இவங்க ரெண்டு பேரும் தனியா பிரிஞ்சு போயிடுவாங்கங்கிற பயம்.

கேள்வி: படிக்க வந்த பசங்களுக்கு சம்பளம் குடுக்க ஆரம்பிச்சதுதான் ஆட்டத்தைக் கெடுத்துச்சுன்னு எங்க வீட்ல பெரியவர் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: பெரியவர்கிட்ட மரியாதையோட மாறுபடுறேன். பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு மேல ஒண்ணும் இல்லாத காலத்துலயே கான்ஃபரன்ஸுங்க விலை பேசத் தொடங்கியாச்சு. 2023 நவம்பர்ல டெக்சஸ் ஏ அண்ட் எம் ஒரு கோச்சை வேலையை விட்டு அனுப்ப ஒத்துக்கிட்ட தொகை 76 மில்லியன் டாலருக்கு பக்கம், வேலை செய்யாம இருக்குறதுக்கு. அந்தக் காசு யார் ஓடி விழுந்து சம்பாதிச்சது?

எஸ்.எம்.யு. கதையைப் பாருங்க. டல்லஸ்ல இருக்குற காலேஜ். பிளேயர்ஸுக்கு திருட்டுத்தனமா காசு குடுத்தாங்கன்னு 1987 சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து பண்ணிடுச்சு, அடுத்த வருஷமும் டீம் இறங்க முடியல, அந்த அடியிலேந்து எழுந்திருக்க பல வருஷம் ஆச்சு. 2021ல சுப்ரீம் கோர்ட் 9-0ன்னு என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு குடுத்தப்புறம் பசங்க தங்களோட பேரை வச்சு விளம்பரத்துல சம்பாதிக்க வழி திறந்துச்சு, 2025 ஜூன்ல இன்னொரு கேஸ் முடிஞ்சு காலேஜே நேரடியா குடுக்கலாம்னு ஆச்சு, முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். எஸ்.எம்.யு. என்ன பண்ணுச்சு தெரியுமா, 9 வருஷம் டிவி பங்கே வேணாம்னு சொல்லி ஏ.சி.சி.க்குள்ள வந்துச்சு, அந்த அளவுக்கு அவங்ககிட்ட பணக்கார முன்னாள் மாணவர்கள் இருக்காங்க, வந்த முதல் வருஷமே பிளேஆஃப். 1987ல எதுக்கு தண்டனை வாங்கினாங்களோ அதை இன்னைக்கு எல்லாரும் சட்டப்படி செய்றாங்க. அப்போ தண்டனை அனுபவிச்ச பசங்களுக்கு யாரும் எதையும் திருப்பிக் குடுக்கல, அதுதான் எனக்கு ஆறல.

கேள்வி: சின்ன காலேஜுங்க பெரிய டீம்கிட்ட போய் அடி வாங்குறது எதுக்கு?

பதில்: செக்குக்காக. வீட்டு மைதானத்துல சுலபமா ஒரு வெற்றி வேணும்னு பெரியவங்க காசு குடுத்துக் கூப்பிடுறாங்க. சில நேரம் கணக்கு தப்பும். 2007ல 4 லட்சம் டாலர் வாங்கிட்டுப் போன அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை 34-32ன்னு சாய்ச்சுச்சு, 2024ல நார்தர்ன் இல்லினாய் 1.4 மில்லியன் டாலரும் வாங்கிட்டு நோட்டர் டேமை 16-14ன்னு ஜெயிச்சும் வந்துச்சு. இந்த மாதிரி நாளுக்காகத்தான் நான் இன்னும் இந்த ஆட்டத்தைப் பாக்குறேன்.

கேள்வி: இதுக்கு வழியே இல்லையா?

பதில்: ஒண்ணு இருக்கு, அங்க பலரும் பேசுறதுதான். ஃபுட்பாலை மட்டும் தனியா எடுத்து எப்படி வேணா கான்ஃபரன்ஸ் போட்டுக்கட்டும், வாலிபால், சாஃப்ட்பால், நீச்சல் இதெல்லாம் பழையபடி பக்கத்து ஊர்க்காரங்களோடயே ஆடட்டும். இப்போ லாஸ் ஏஞ்சலஸ்ல படிக்கிற ஒரு வாலிபால் பொண்ணு கான்ஃபரன்ஸ் மேட்ச்சுக்காக நாட்டோட மறுகரையில நியூ ஜெர்சி வரைக்கும் பறந்துட்டுத் திரும்பி வந்து பரீட்சை எழுதணும், அவ விளையாட்டை யாரும் பில்லியன் குடுத்து வாங்கல. ஃபுட்பால் டிவி காசு அந்த விமான டிக்கெட்டுக்கும் உதவுதுன்னு சொல்லுவாங்க, ஆனா அந்த டிக்கெட்டே ஃபுட்பாலுக்காக எடுத்ததுதானே. முதல்ல அந்தப் பொண்ணை பக்கத்து ஊர்ல ஆட விடுங்க, அதுக்கு எந்த டிவிக்காரன் சம்மதமும் தேவையில்ல, காலேஜ் பிரசிடெண்டுங்க உக்காந்து முடிவு பண்ணினா போதும்.