வளையமும் வாய்க்காலும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். வறட்சி, குளிர் போன்ற நெருக்கடிகளில் செடிகளுக்கு வட்ட ஆர்.என்.ஏ.க்களின், அதாவது இரு நுனியும் சேர்ந்து வளையமாகிவிட்ட மரபணு நகல்களின், பங்கு பற்றிக் கல்லூரிக் கருத்தரங்கில் தமிழில் பேசப்போகிறேன். இவை, மரபணுக்களை அடக்கும் சின்னஞ்சிறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சு போல உறிஞ்சிப் பயிரைக் காக்கின்றன என்று எழுதியிருக்கிறேன். கட்டுரையை இணைத்துள்ளேன். 'வட்ட', 'வளைய' இரண்டில் எது சரி? இதையெல்லாம் தமிழில் பேசிப் பயன் உண்டா?

*

அன்புள்ள தம்பி,

சொல் எதுவானாலும் சரி, நான் வளையம் என்றே எழுதுகிறேன். பயனைப் பற்றிப் பேசியவுடன் உங்களுக்கே தெரியும்.

வளையம் உண்டாகும் விதத்தை அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆர்.என்.ஏ. இழையில் பின்னால் இருக்கும் துண்டின் வால் திரும்பிப்போய், முன்னால் இருக்கும் துண்டின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. நுனி இல்லாததால், நுனியிலிருந்து கடித்துக்கொண்டே வரும் நொதிகளால் அதைத் தின்ன முடிவதில்லை. 'பூச்சரத்தின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்தது போல' என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

அடுத்த பக்கத்தில்தான் கோபம் வந்தது. குளிரில் வைத்த தக்காளியில் 163 வளையங்களின் அளவு மாறியது, நீரில்லாமல் வாடிய கோதுமை நாற்றில் கண்ட 88 வளையங்களில் 62 மாறின என்கிறீர்கள். சரி. 'ஆகவே இவை பயிரைக் காக்கின்றன' என்று அடுத்த வரியில் எப்படி எழுதினீர்கள்? அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? வாடும் செடியில் எத்தனையோ மாறும். கூடவே மாறியதெல்லாம் காப்பாற்றியது ஆகிவிடுமா?

போன வாரம் ஏற்காட்டில் இருந்தேன். காப்பி மொட்டை விரியவைக்கும் பூ மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று நின்றன. மல்லிகை மாதிரி அந்த வாசம் வந்ததும் அப்பாயி ஞாபகம்தான்.

அப்பாயியின் தோட்டத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு காப்பிச் செடி இருந்தது. இலை கரும்பச்சையாக மினுங்கும். ஆனால் மற்ற செடிகள் ஒரே நாளில் பூத்துக் கொட்டும்போது, அது இங்கே ரெண்டு அங்கே மூன்று என்று பூக்கும். வேறு ரகம் என்றார்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். சோப்புத் தண்ணீர்தான் காரணம் என்றேன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அப்பாயி யாரோடும் வாதாடவில்லை. அந்தத் தை மாதம் மண்வெட்டியால் வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிட்டாள். வேறொரு செடிக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்தது. பழைய செடி மற்றவற்றோடு சேர்ந்து பூத்தது. குடத்துத் தண்ணீர் குடித்த செடி அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பூத்தது. காப்பி மொட்டு சில வாரம் தாகத்தில் கிடந்தால்தான் மழைக்கு ஒன்றாக விரியும். "எடுத்தும் பாக்கணும், குடுத்தும் பாக்கணும் கண்ணு. சும்மா பாத்துட்டே நின்னா என்ன தெரியும்?" என்றாள்.

எடுத்தும் பார்க்க வேண்டும், கொடுத்தும் பார்க்க வேண்டும். உங்கள் 62 வளையங்களில் எத்தனையை அப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதினீர்களா?

பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 2017இல், ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற சின்னச் செடியில், பூவின் உறுப்புகளை உருவாக்க உதவும் செபலேட்டா3 மரபணுவின் ஒரு வளையத்தை மிகுதியாக உண்டாக்கினார்கள், பூவின் இதழ்க் கணக்கே மாறியது. அந்த வளையம் தன்னைப் பெற்ற டி.என்.ஏ.வோடுதான் போய் ஒட்டுகிறது. பஞ்சு வேலையே அங்கு இல்லை. 2019இல் இலைத்துளையின் காவல் செல்களில் பொட்டாசியத்தை வெளியேற்றும் கார்க் மரபணுவின் வளையத்தை அதே செடிக்கு மிகுதியாகக் கொடுத்தார்கள், அது வறட்சியைத் தாங்கியது. இதற்குப் பங்கு என்று பெயர் வைக்கலாம். மனம் நிறைந்து வைக்கலாம்.

நீங்கள் பிடித்துக்கொண்ட பஞ்சு உவமை, 2013இல் விலங்கு மூளையில் கண்ட ஒரு வளையத்தால் பரவியது. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. வந்து ஒட்ட அதில் 70க்கு மேல் இடங்கள் உண்டு. செடிகளில் சொல்லப்படும் பஞ்சுகளில் பெரும்பாலானவை கணினியில் எழுத்துகளைப் பொருத்திப் பார்த்துச் சொன்னவை. ஊகம் தவறில்லை தம்பி. ஊகம் என்று சொல்லாமல் விட்டீர்களே, அதுதான் தவறு. மேடையில் நீங்கள் சொன்னதை முன்வரிசைப் பிள்ளைகள் அப்படியே தேர்வில் எழுதுவார்கள்.

பஞ்சுப் பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்க்கை வையுங்கள். திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், எத்தனை முறை அனுப்பினாலும் படிக்கிறேன். பூச்சரத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.